என் வண்டிச் சாவியைக் கொடு

லேயர், 10 மே 1995

ஹென்னிங்,

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் வெறும் ஹென்னிங். போன் செய்தால் உன் அறைக்குக் கொடுப்பார்கள், தெரியும். ஆனால் உன் கட்டிலைச் சுற்றி உன் பைக் கூட்டத்து ஆட்கள் நாலு பேர் எப்போதும் தோல் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ கத்துவாய், அவர்கள் தலையாட்டுவார்கள், நான் போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

கால் எப்படி இருக்கிறது? முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு என்று ரோஸ்விதா சொன்னாள். உன் மனைவி அழாமல் சொன்னாள் என்பதால் பெரிய ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது, என் வண்டிச் சாவியைக் கொடு.

திங்கட்கிழமை திராட்சை வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "உன்னாலதான் நான் இங்க கெடக்கேன். வண்டிய வித்துட்டு உன் நீச்சல் குளத்துக்கே போய்ச் சேரு." உன் மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த சாவியை உன் கூட்டாளி எக்பெர்ட் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றான். ஒருவனும் தடுக்கவில்லை. நீயும்தான். நாற்பத்தொரு வயதுப் பெண்ணிடமிருந்து ஏதோ சின்னப் பிள்ளையிடம் பந்தைப் பிடுங்குவது போல் பிடுங்கிக்கொண்டீர்கள். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ரயிலில் ஊர் வந்து சேர்ந்தேன். என் வண்டியை உன் ஆட்கள் உன் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

நான் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டேன், என்னைத் தேடிவந்த அண்ணன் விழுந்துவிட்டான். இதுதானே இப்போது பீர் விடுதியில் நீங்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஓடும் கதை? என் கதையையும் கேட்டுக்கொள்.

நான் பைக் லைசென்ஸ் வாங்கியது மார்ச்சில். எங்கள் பக்கத்தில் வளைவு என்றால் கால்வாய்ப் பாலத்தில் ஏறித் திரும்புவதுதான், மற்றபடி அளவுகோல் வைத்து இழுத்த சாலைகள். நீயும் இங்கே பிறந்தவன்தான், மறந்திருக்க மாட்டாய். மலைச்சாலை எனக்கு வேண்டாம், பயமாக இருக்கிறது என்று சொன்னேன். புதியவர் தலைவருக்கு நேர் பின்னால் வர வேண்டும், அது கூட்டத்தின் விதி, நீ என் முதுகைப் பார்த்து வா, போதும் என்று சொன்னவன் நீ.

உன் ஊருக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் திருவிழாவாக இருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு பைக்காரரும் பைக்காரர்களின் வழக்கப்படி இடது கையைத் தாழ்த்தி நீட்டி எனக்கு வணக்கம் சொன்னார். இருபது வருடமாக என்னைத் தெரிந்தவர்கள்கூட லேயரில் அப்படி மரியாதை செய்ததில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, சீசனின் முதல் சவாரியில், உன் ஊருக்குத் திரும்பும் வழியில் மலை ஏறினோம். புதியவர் தலைவருக்குப் பின்னால் என்பது எதற்கு? புதியவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம் என்பதற்கு. நீ விதியின் முதல் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை விழுங்கிவிட்டாய். உன் முதுகு ஒவ்வொரு வளைவிலும் காணாமல் போனது. அதைப் பிடிக்க நானும் முறுக்கினேன். ஒரு வலது வளைவில் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை, சாலையின் என் வலது பாதியை விட்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டேன். எதிரே மரம் ஏற்றிய லாரி. அதன் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த பூச்சிகள் வரை எனக்குத் தெரிந்தன. எப்படித் திரும்பினேன் என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி எல்லாரையும் முன்னால் போகவிட்டேன். எனக்குப் பின்னால் கடைசி ஆள் எக்பெர்ட் மட்டும்தான். மழை பிடித்ததும் அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க நின்றான். சாலை பிரிந்த இடத்தில் நீங்கள் எல்லாரும் மேலே போனீர்கள், நான் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிட்டேன். அங்கே ஒரு விடுதியில் பட்டாணி சூப் வாங்கினேன்.

நான் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். நீந்தத் தெரிந்த நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ஆழமான பக்கம் போனவர்களைத்தான் நான் அதிகம் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறேன். என்னை யாரும் தூக்க வேண்டாம் என்று நானே கரையேறிவிட்டேன். நாளைக்கே அப்படி ஒரு நிலைமை வந்தாலும் அதையே செய்வேன்.

சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பு.

வீப்கே


ஆஸ்பத்திரி, 16 மே

சின்னவளே,

உன் கடிதத்தை நர்ஸ் கொண்டுவந்தபோது ஏதோ நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்தேன். படித்த பிறகும் அப்படித்தான் இருந்தது.

கால் வலிக்கிறது. இங்கே தரும் தேநீர் பாத்திரம் கழுவின தண்ணீர். நம் ஊரில் போடுவது போல் கல்கண்டு கிடையாது, பாலாடை கிடையாது. நம் ஊர்க்காரன் இதைக் குடித்தே செத்துவிடுவான், காலால் சாக மாட்டான்.

வேகம் என்கிறாய். நான் போனது சாதாரண வேகம். என்னைப் போல் கூரை வேலை செய்கிறவனுக்கு உயரம் தெரியாது, குளத்து ஓரம் நிற்கிறவளுக்கு எல்லாமே வேகம். அதை விடு. உனக்குத் தெரிந்த விதியைப் பேசினாய், தெரியாத விதியை நான் சொல்கிறேன். கூட்டமாகப் போகும்போது ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கு தெரிய வேண்டும். தெரியவில்லையா, நிற்க வேண்டும். பின்னாலிருப்பவன் நின்றால் முன்னாலிருப்பவனும் நிற்பான், அப்படியே தலைவன் வரைக்கும் சேதி வரும். அன்றைக்கு அப்படித்தான் வந்தது. கொட்டும் மழையில் கூட்டம் முழுக்க நின்றது. எக்பெர்ட் வந்து சேர்ந்தான், நீ வரவில்லை.

நான் வண்டியைத் திருப்பினேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் மஞ்சள் சட்டை மரங்களுக்கு நடுவே எங்காவது கிடக்கிறதா என்று பார்த்தேன். அந்த நேரத்தில் நீ சூப் குடித்துக்கொண்டிருந்தாய். தேவாலயம் தாண்டி வரும் இடது வளைவில் சரளை கிடந்தது, சக்கரம் வழுக்கியது, போய்விட்டேன். சாலைத் துறைக்குப் புகார் எழுதச் சொல்லியிருக்கிறேன், பனியில் வண்டி வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் கொட்டியதை மே மாதம் வரைக்கும் கூட்டி அள்ளாமல் விட்டிருக்கிறார்கள்.

உனக்கு இதெல்லாம் சரிப்படாது. மேசையில் உன்னைத் தபால் பெட்டி என்கிறார்கள், அந்தச் சட்டை நம் நாட்டுத் தபால் பெட்டிகளின் அதே மஞ்சள். அதுகூடப் பரவாயில்லை. எதிரே வந்தவர்களுக்கு நீ பல இடத்தில் பதில் கை காட்டவே இல்லையாம். எக்பெர்ட் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். கை காட்டாதவன் பைக்காரன் இல்லை, இரண்டு சக்கரத்தில் போகும் கார்க்காரன்.

சாவி எக்பெர்ட்டிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வா. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள். பிறகு வண்டியை விற்பதைப் பற்றிப் பேசுவோம். ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

உன் அண்ணன்
ஹென்னிங்


லேயர், 20 மே

ஹென்னிங்,

பார்த்துவிட்டுப் போனவனிடம் சொல், வண்டியின் பத்திரம் என் அலமாரியில் என் பெயரில் இருக்கிறது. வேண்டுமானால் உன் ஊன்றுகோலை அவனுக்கு விற்றுக்கொள்.

கண்ணாடி விதியைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். அதில் நீ சொல்வது சரி. குளத்தில் ஒரு பிள்ளை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் நான் தண்ணீருக்கடியில் தேடுவேன். அப்படித் தேடியிருக்கிறேன், அந்தப் பயம் எனக்குத் தெரியும். நீ பள்ளத்தில் என் மஞ்சள் சட்டையைத் தேடினாய் என்று படித்தபோது எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டேன். எனக்கு முன்னால் போனவரை ஹாரன் அடித்து நிறுத்தி, நான் இறங்கிப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அது என் தப்பு. மன்னித்துக்கொள், ஹென்னிங். உன்னிடம் கேட்கிறேன், மனதாரக் கேட்கிறேன்.

ஆனால் இறங்கிப் போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மேசைக்கும் வர மாட்டேன். பீர் மணக்கும் அந்த அறையில் தபால் பெட்டி தலை குனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை.

கை காட்டவில்லை என்கிறானே எக்பெர்ட், எங்கே காட்டவில்லை என்று சொன்னானா? வளைவுகளில். நேர்ச்சாலையில் எல்லாருக்கும் காட்டினேன். எங்கள் பயிற்சியாளர் காதில் ஓதி ஓதிச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. இடது பக்கம் சாய வேண்டுமென்றால் இடது கையால் ஹேண்டில்பாரைத் தள்ள வேண்டும். தள்ளுகிற கையை எடுத்து ஊருக்கெல்லாம் வணக்கம் வைத்தால் வண்டியை யார் திருப்புவது?

மஞ்சள் சட்டையையும் கழற்ற மாட்டேன். லாரிக்காரன் என்னைப் பார்த்து ஒதுங்கியது அந்த மஞ்சளால்தான்.

சாவி.

வீப்கே


மறுவாழ்வு நிலையம், 29 மே

வீப்கே,

உன் மன்னிப்பைப் படித்தேன். சரி. நமக்குள் அது முடிந்தது.

மேசைக்கு அது போதாது. அவர்கள் எல்லாரும் மழையில் நின்றவர்கள். எக்பெர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டான், வந்து நின்று கேட்டால் சாவி, இல்லையென்றால் இல்லை. நான் படுத்துக்கிடக்கிறேன், அவனோடு சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை. ஊன்றுகோலோடு மாடிப்படி ஏற இறங்கச் சொல்லித்தருகிறார்கள். இருபத்தைந்து வருடம் கூரை மேல் நடந்தவனுக்குப் படியேறப் பாடம்.

நான் திருப்பித் தரச் சொன்னாலும், நீ மறுபடியும் மலைக்கு வந்தால் எனக்குத் தூக்கம் வராது. லாரிக்காரன் ஒதுங்கினான், அடுத்தவன் ஒதுங்க மாட்டான். உனக்குக் கார் இருக்கிறது, ரயில் இருக்கிறது. உன் வயதில் எதற்கு இந்த வீம்பு?

அந்த வளைவில் சரளை இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஹென்னிங்


லேயர், 13 ஜூன்

ஹென்னிங்,

அந்தச் சரளையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ரயில் பிடித்து, பஸ் மாறி, உன் ஊருக்கே வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை என்று கோபப்படாதே, வந்திருந்தால் சண்டைதான் போட்டிருப்போம். தேவாலயத்தில் இறங்கி அந்த வளைவு வரைக்கும் நடந்தே போனேன். நடந்து பார்த்தால்தான் ஒரு சாலை என்னவென்று தெரிகிறது. எங்கே தார் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், எங்கே மரநிழலில் ஈரம் காயாமல் கிடக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் தெரிந்தது. இனிமேல் புதிய மலைச்சாலை எதிலும் முதல் தடவை அப்படி மெதுவாகத்தான் போவேன், நீங்கள் சிரித்தாலும் சரி.

நல்ல சாலை, ஹென்னிங். கூட்டித் தெளித்த வாசல் போலச் சுத்தமாக இருந்தது. மழை அடித்துக்கொண்டு போயிருக்கும், அல்லது கூட்டியிருப்பார்கள் என்று உனக்காக நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அங்கே ஒரு பெண் வந்து பைக்கை நிறுத்தினாள். நான் வரச்சொல்லித்தான் வந்தாள். பெயர் தேக்லா, தபால் பட்டுவாடா செய்கிறவள். நீ விழுந்தபோது எதிரே வந்த பைக்குகளில் முதல் பைக் அவளுடையது. உன்னைப் பள்ளத்திலிருந்து இழுத்து வெளியே போட்டவளும் அவள்தான். உன் கால் எப்படி என்று விசாரிக்க ரோஸ்விதாவைக் கூப்பிட்டிருக்கிறாள், ரோஸ்விதா அவள் எண்ணை எனக்குத் தந்தாள். என் மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் கைகொடுத்தாள், அவளும் அதே நிறத்தில் வேலை செய்கிறவள்.

சரளை எங்கே கிடந்தது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சரளையா? எனக்கு ஒண்ணும் கண்ணுல படல. அவரு வந்த வேகத்தப் பாத்து நான் ஓரமா ஒதுங்கிட்டேன். பார்வை வேற சாலையில இல்ல, பள்ளத்துல இருக்கு. அந்த நெலமையிலயும் எங்களப் பாத்ததும் மனுஷன் இடது கைய எடுத்து வணக்கம் வச்சாரு. வச்ச கை கீழ எறங்கவே இல்ல. வண்டி திரும்பாம நேரா போயிருச்சு. நானும் பதிலுக்குக் கையத் தூக்கிட்டேன், பழக்கம் பாருங்க. தூக்கின கையோடதான் அவரு பள்ளத்துக்குள்ள போறதப் பாத்துட்டு நின்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வளைவின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தங்கை செத்துவிட்டாளோ என்ற பயம், எப்போதையும்விட அதிக வேகம், மழை, இடது வளைவு. இத்தனைக்கும் நடுவே உன் இடது கை போய் யாரோ தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறது. அது உன் தப்புகூட இல்லை, உன் கைக்கு அது தானாக வருகிறது. ஆனால் சரளை என்று சொன்னது நீ. அந்தச் சரளையையும் என்னையும் சேர்த்து மேசையில் வைத்தது நீ. கை காட்டாதவள் பைக்காரியே இல்லை என்று எனக்கு எழுதியது நீ.

சொல்.

வீப்கே


மறுவாழ்வு நிலையம், 19 ஜூன்

வீப்கே,

யாரிடமும் சொல்லாதே. தேக்லாவிடமும் சொல்லிவை. சாவியை வாங்கி அனுப்பிவிடுகிறேன், எக்பெர்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அதோடு இதை விட்டுவிடுவோம்.

ஹென்னிங்


லேயர், 22 ஜூன்

ஹென்னிங்,

நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. தேக்லாவும் ஊர் முழுக்கக் கடிதம் கொடுக்கிறவளே தவிர, ஊர் வம்பைக் கொண்டுபோகிறவள் இல்லை. அதற்காக நீ சாவியைக் கூலியாகத் தர வேண்டாம். அது என்னுடைய சாவி. என்னுடையதை எனக்கே விலை பேசாதே. இப்படி ஒரு பேரத்தில் வந்தால் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

நீ சொல்கிறாயா இல்லையா என்பது உன் பாடு. எனக்கு ஒன்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருடமும் சீசனின் முதல் சவாரி வரும். அன்றைக்கும் ஒரு புதியவர் உனக்குப் பின்னால் வருவார். அவருக்கும் சொல்லித்தருவாய், கை காட்டு, காட்டாவிட்டால் நீ எங்களில் ஒருவன் இல்லை என்று. அவரும் சந்தோஷமாகக் காட்டுவார், முதல் இடது வளைவில். அங்கே தேக்லா நின்றுகொண்டிருக்க மாட்டாள்.

உன் மேல் எனக்கு அன்பு இருக்கிறது, கழுதை. பயமும் இருக்கிறது. ஆனால் அடங்கிப் போக மாட்டேன். வண்டியையும் விட மாட்டேன். எதற்கு இந்த வீம்பு என்று கேட்டாயே, கேள். மாமியாரைப் பார்த்துக்கொண்டேன், மகனை வளர்த்தேன், இருபது வருடமாக ஊரார் பிள்ளைகள் முங்காமல் காவல் காக்கிறேன். வண்டியில் உட்கார்ந்தால் நான் காக்க வேண்டியது என் ஒரு உயிரைத்தான். அதை நன்றாகவே காக்கிறேன்.

வீப்கே


ஷ்டைன்ரோடா, 10 ஜூலை

அன்புள்ள சின்னவளே,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று ரோஸ்விதா என்னைக் காரில் மேசைக்குக் கொண்டுபோய் விட்டாள். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, முதல் பீர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வந்த பிறகு என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

சரளை இல்லை, கை காட்டினேன், அதனால் விழுந்தேன் என்றேன். விடுதிக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எக்பெர்ட் தொண்டையைக் கனைத்தான். "போன வருஷம் நான் வேலியில மாட்டினதும் அப்படித்தான். நரி குறுக்க வந்துச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்." அவன் சொல்லி முடித்ததும் அடுத்தவன் ஆரம்பித்தான். ஒருவனுக்கு மான் வந்திருக்கிறது, ஒருவனுக்கு எண்ணெய் கொட்டிக் கிடந்திருக்கிறது. எங்கள் மலையில் அத்தனை மிருகம் கிடையாது, வீப்கே. மேசையைச் சுற்றி எல்லாருக்கும் ஒரு இடது வளைவு இருந்திருக்கிறது.

சிரித்துத் தீர்த்தோம். எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை. வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மேசையில் அதைச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கண்ணாடியில் உன் மஞ்சளைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். நான் முறுக்க முறுக்க நீயும் வந்தாய். அடடா, இவளுக்கு நம் இரத்தம், எப்படி வருகிறாள் பார் என்று பூரித்துப்போனேன். நீ பயந்துபோய் என்னைத் துரத்திக்கொண்டு வருகிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லாரி வந்தபோது நான் அடுத்த வளைவில் இருந்தேன். பின்னால் பார்க்கச் சொல்லும் விதியை உனக்கு எழுதினேனே, அதை முதலில் மீறியவன் நான்தான். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

எக்பெர்ட் சாவியை மேசை மேல் வைத்தான். யாரும் உன்னை வந்து நிற்கச் சொல்லவில்லை. அதை இதோடு ஒரு மிட்டாய் டப்பாவில் வைத்து அனுப்புகிறேன். பேரம் இல்லை, உன் பொருள் உன்னிடம் வருகிறது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வண்டியை எடுக்க வரும்போது பள்ளத்தாக்கு வழியாகப் போய்விடு. மேலே ஏறாதே. என் பயத்துக்காக இந்த ஒரு தடவை.

மஞ்சள் சட்டை போட்டுக்கொள்.

ஹென்னிங்


லேயர், 18 ஜூலை

அன்புள்ள ஹென்னிங்,

பத்திரமாக வீடு சேர்ந்தேன். கல்கண்டு போட்டு, பாலாடை விட்டு, இரண்டு கோப்பை தேநீர் குடித்த பிறகு எழுதுகிறேன்.

மிட்டாய் டப்பா வந்து சேர்ந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும், சந்தோஷத்தில் விட்டுப்போனது. வண்டிக்கு எப்போதும் இரண்டு சாவி உண்டு, கூரைக்காரனே. இரண்டாவது சாவி முதல் நாளிலிருந்து என் கல்கண்டு டப்பாவில்தான் கிடந்தது. உன் கொட்டகையும் பூட்டு இல்லாத கொட்டகை. எந்த நாள் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அந்தச் சனிக்கிழமை கொட்டகை வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுத்தான் திரும்பிப்போனேன். பிடுங்கிய ஆட்களே திருப்பிக் கொடுக்கட்டும் என்று இருந்தேன். கொடுத்துவிட்டீர்கள்.

பள்ளத்தாக்கு வழியாகப் போகவில்லை. அது உனக்கே தெரியும். நான் நடந்து பார்த்த சாலையை எனக்குத் தெரியும், எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். அதை ஓட்டாமல் வீட்டுக்குப் போனால் அந்த லாரி என் கனவில் வந்துகொண்டே இருக்கும். டயர் சூடாகும் வரைக்கும் மெதுவாகவே ஓட்டினேன். எனக்குப் பின்னால் ஒரு கார் முட்டுவது போல் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி அவனைப் போகவிட்டேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே கண்ணை வைத்து, ஒவ்வொன்றாக ஏறினேன். யாருடைய முதுகும் எனக்கு முன்னால் இல்லை.

தேவாலயம் தாண்டியதும் அந்த இடது வளைவில் நீ நின்றிருந்தாய், நான் உன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று தெரிந்தே. ரோஸ்விதாவைக் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினாய். ஓரக்கண்ணில் எல்லாம் தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அந்தக் கைக்காகத்தான் சண்டை போட்டோம், மறுபடியும் அதையே தூக்கிக்கொண்டு நிற்கிறாய்.

நான் கை காட்டவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள் என்று நீ முகம் வாடிப்போனதாக ரோஸ்விதா நேற்று போனில் சொன்னாள். கோபம் இல்லை, ஹென்னிங். என் இடது கைக்கு அங்கே வேலை இருந்தது. நாளைக்கு ஊரே திரண்டு அந்த வளைவில் நின்றாலும் நான் காட்ட மாட்டேன்.

வளைவு முடிந்து, மரக்கிடங்கைத் தாண்டியதும் சாலை நேராகிறது, தெரியுமில்லையா? அங்கேதான் இடது கையை எடுத்து நீட்டினேன். எதிரே ஒரு வண்டியும் இல்லை, மரக்கிடங்கு நாய் மட்டும் பார்த்துக் குரைத்தது. அடுத்த வளைவு கண்ணில் படும் வரைக்கும் அந்தக் கையை இறக்கவே இல்லை. அது உனக்குக் காட்டியது.

உன்
வீப்கே